வெள்ளாடும் விளையாட்டுத் துப்பாக்கியும்

வாசகர் கேள்வி – பதில்

கோயிலில் வைப்பதும் வெடி, கல்குவாரியில் வைப்பதும் வெடி, குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ஒருவன் காட்டுப்பன்றியைச் சுட்டாலும் ‘வெடி வைத்தான்’ என்பதே பேச்சு என்று சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை துப்பாக்கிகளின் பெயர்களைப் பற்றியே இருந்ததால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இம்முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மகன் விடுமுறைக்கு வந்தபோது அவன் பெட்டியில் கிடந்த ஒரு கடை விலைப்பட்டியலைப் புரட்டினேன். கறுப்பு நிறத் துப்பாக்கி ஒன்றின் படத்துக்குக் கீழே ‘நவீன விளையாட்டு ரைபிள்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் அச்சாகியிருந்தது. அதே துப்பாக்கியைத் தொலைக்காட்சிச் செய்தியில் ‘தாக்குதல் ஆயுதம்’ என்கிறார்கள். முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்த எனக்கே இது இடக்கரடக்கலா, மங்கலமா, குழூஉக்குறியா என்று வகைப்படுத்த முடியவில்லை. எது சரியான பெயர்?
*– ஓய்வுபெற்ற தமிழாசிரியை, மார்த்தாண்டம்*

பதில்: அம்மா, வகைப்படுத்த முடியாமற்போனது உங்கள் குறையன்று, நம் இலக்கணத்தில் அதற்கு வகை இல்லை. கறுப்பு ஆட்டை வெள்ளாடு என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும், இறந்தவரைத் துஞ்சினார் என்பதும் மங்கலம் என்று நீங்களே எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். அந்த வழக்கில் ஒரு நேர்மை உண்டு. துஞ்சினார் என்று கேட்ட எவரும் அவரைத் தட்டி எழுப்பப் போவதில்லை. வெள்ளாடு வாங்கப் போன எவரும் கறுப்பு ஆட்டைக் கண்டு ஏமாந்துவிட்டதாகச் சந்தையில் சண்டை போட்டதும் இல்லை. இடக்கரடக்கலும் அப்படியே: ‘கால் கழுவப் போனார்’ என்றால் எங்கே போனார் என்பது அவையில் எல்லாருக்கும் தெரியும். குழூஉக்குறியில் மட்டும் வெளியாளுக்குப் பொருள் புரியாது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்று தமக்குள் சொல்லிக்கொள்வதைப் பற்றி நகை செய்யக் கொடுத்தவர்கள் வேறு விதமாக நினைத்திருக்கலாம் என்றாலும், அந்தச் சொல்லை வாடிக்கையாளர் முன் விளம்பரப் பலகையில் எவரும் எழுதி வைத்ததில்லை. விற்பனைப் பெயர் இந்த மூன்றிலும் சேராது. அது கேட்பவரின் மனத்தைப் புண்படுத்தாமல் இருப்பதற்காகச் சொல்லப்படுவதன்று. பொருளின் மேல் ஏற்கெனவே படிந்துவிட்ட ஒரு நினைவை அழிப்பதற்காகச் சொல்லப்படுவது.

உங்கள் மகனின் விலைப்பட்டியலில் இருந்தது பெரும்பாலும் ஏஆர்-15 வகைத் துப்பாக்கியாக இருக்கும். ‘ஏஆர்’ என்பதை ‘அசால்ட் ரைபிள்’ என்பதன் சுருக்கமாகப் பலர் எழுதுகிறார்கள், அது தவறு. அதை வடிவமைத்த ஆர்மலைட் நிறுவனத்தின் பெயரின் முதலெழுத்துகளே அவை. 1959-இல் ஆர்மலைட் அந்த வடிவமைப்பின் உரிமையைக் கோல்ட் நிறுவனத்துக்கு விற்றது. படைக்குப் போன வடிவம் எம்16 ஆயிற்று. பொதுமக்களுக்காக 1964-இல் கோல்ட் விற்கத் தொடங்கிய வடிவத்துக்கு ‘ஸ்போர்ட்டர்’ என்று பெயர் வைத்தார்கள். ஆகவே விளையாட்டு என்ற பூச்சு புதிதன்று. படைத் துப்பாக்கியில் விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும் வசதி உண்டு; கடையில் விற்பதில் ஒரு முறை விசையை இழுத்தால் ஒரு குண்டுதான் போகும், ஆனால் அடுத்த குண்டு தானே ஏறி நிற்கும்; இதைத்தான் அரைத்தானியங்கி என்கிறோம். வேறுபாடு இவ்வளவே; இது சிறிய வேறுபாடும் அன்று.

‘நவீன விளையாட்டு ரைபிள்’ என்ற பெயரை 2009-இல் அமெரிக்கத் துப்பாக்கித் தொழிலின் சங்கமான தேசியத் துப்பாக்கி சுடும் விளையாட்டு அறக்கட்டளை முன்வைத்துப் பரப்பியது. மூன்று சொற்களும் எண்ணி எடுத்தவை: ‘நவீனம்’ வாங்கத் தூண்டும், ‘விளையாட்டு’ குற்றவுணர்வை நீக்கும், ‘ரைபிள்’ தாத்தா காலத்து வேட்டைத் துப்பாக்கியை நினைவூட்டும்.

எதிர்த்தரப்பும் சளைத்ததன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘தாக்குதல் ஆயுதம்’ என்பது பொறியியல் சொல்லன்று. அது ஓர் அரசியல், சட்டச் சொல். 1994 செப்டம்பரில் அமெரிக்க மத்திய அரசு பத்தாண்டுகளுக்குக் கொண்டுவந்த தடைச் சட்டம், சில துப்பாக்கிகளைப் பெயர் சொல்லித் தடுத்ததோடு, மேகசினை, அதாவது தோட்டாக் கூட்டை, கழற்றி மாட்டக்கூடிய அரைத்தானியங்கி ரைபிளில் ஐந்து உறுப்புகளுள் இரண்டு இருந்தாலும் அது தாக்குதல் ஆயுதம் என்றது. மடக்கக்கூடிய தோள்கட்டை, கைத்துப்பாக்கியினுடையதைப் போன்ற தனிப் பிடி, குழல் முனையில் கத்தி செருகும் இடம், சுடும்போது தெறிக்கும் ஒளியை மறைக்கும் முனை, எறிகுண்டு செலுத்தும் அமைப்பு ஆகியவையே அந்த ஐந்து. தயாரிப்பாளர்கள் என்ன செய்தார்கள் என்பதை ஊகிக்கக் கடினமில்லை: கத்தி செருகும் இடத்தையும் ஒளி மறைப்பானையும் நீக்கிவிட்டு, அதே குண்டை அதே வேகத்தில் சுடும் அதே துப்பாக்கியைப் புதிய பெயரில் விற்றார்கள். தோற்றத்தை வைத்துச் சட்டம் பெயர் சூட்டியது. தோற்றத்தை மாற்றி வணிகம் பெயரைக் கழற்றியது. 2004-இல் அந்தச் சட்டம் காலாவதியானது.

விற்பனைச் சொல் வெறும் சொல்தானே என்று விட்டுவிட முடியாது என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் நியூட்டவுன் நகரில், சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் ஏஆர்-15 வகைத் துப்பாக்கியால் கொல்லப்பட்டார்கள். தயாரிப்பாளர்மீது வழக்குத் தொடுப்பதை அந்நாட்டுச் சட்டம் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. ஆகவே இறந்தவர்களில் ஒன்பது பேரின் குடும்பத்தினர், துப்பாக்கியில் குறை என்று சொல்லாமல், அதை விளம்பரம் செய்த முறை மாநிலத்தின் நியாயமற்ற வணிகச் சட்டத்துக்கு எதிரானது என்று வாதாடினார்கள். அந்தத் துப்பாக்கியை வாங்குபவருக்கு ‘ஆண்மை அட்டை’ மீண்டும் வழங்கப்படும் என்ற பொருளில் வெளியான விளம்பரமும் அங்கே பேசப்பட்டது. 2022 பிப்ரவரியில், தயாரிப்பாளரான ரெமிங்டன் நிறுவனத்தின் காப்பீட்டாளர்கள் 7 கோடியே 30 லட்சம் டாலர் கொடுக்க உடன்பட்டு வழக்கு முடிந்தது. விளையாட்டு ரைபிள் என்ற பெயரைப் பரப்பிய சங்கத்தின் தலைமையகமும் அப்போது அதே நியூட்டவுனில்தான் இருந்தது.

சரியான பெயர் எது என்றால், ‘அரைத்தானியங்கி ரைபிள்’ என்று எழுதுங்கள். விசையை இழுத்தால் என்ன நிகழும் என்பதை மட்டும் அது சொல்கிறது. விற்பவருக்கும் எதிர்ப்பவருக்கும் அது சப்பென்று இருக்கும். அதனாலேயே எனக்குப் பிடித்திருக்கிறது.

கேள்வி: பதினேழு ஆண்டுகள் இராணுவத்தில் இருந்தவன் நான். ‘அசால்ட் ரைபிள்’ என்பது எங்களுக்கு அன்றாடச் சொல். அதைப் பத்திரிகைக்காரர்கள் கட்டிவிட்ட பெயர் என்று சிலர் சொல்வது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.
*– முன்னாள் படைவீரர், ஆரல்வாய்மொழி*

பதில்: எரிச்சல் நியாயமானது. ‘அசால்ட் ரைபிள்’ வேறு, மேலே ‘தாக்குதல் ஆயுதம்’ என்று சொன்ன ‘அசால்ட் வெப்பன்’ வேறு. முதலாவது படைத்துறையின் தொழிற்சொல். பழைய போர்க்கள ரைபிளின் குண்டைவிட வலிமை குறைந்ததும், கைத்துப்பாக்கிக் குண்டைவிட வலிமை கூடியதுமான இடைநிலைத் தோட்டாவைப் பயன்படுத்தி, ஒவ்வொன்றாகவும் தொடர்ச்சியாகவும் சுடக்கூடியதே அசால்ட் ரைபிள். நம் திருச்சிராப்பள்ளி ஆயுதத் தொழிற்சாலையில் 7.62×39 தோட்டாவுக்காகச் செய்யும் துப்பாக்கியின் பெயரே ‘திருச்சி அசால்ட் ரைபிள்’ என்பதை நீங்கள் அறிவீர்கள்.

ஆனால் ஐயா, அந்தத் தொழிற்சொல்லின் பிறப்பைக் கொஞ்சம் கிளறினால் அங்கேயும் விளம்பர வாடை அடிக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி உருவாக்கிய துப்பாக்கி ஒன்று முதலில் எம்பி 43 என்று, அதாவது எந்திரக் கைத்துப்பாக்கி வகையைச் சேர்ந்ததாகவே, பெயர் பெற்றிருந்தது. 1944-இல், தோல்வி நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அதற்கு ‘ஸ்டுர்ம்கெவேர்’ என்ற புதுப்பெயர் சூட்டினார்கள். புயலெனப் பாய்ந்து அரணுக்குள் புகுவோரின் துப்பாக்கி என்று பொருள். பின்வாங்கிக்கொண்டிருந்த படையின் கையில் பாய்ச்சலின் பெயர் தாங்கிய துப்பாக்கி! அந்தப் பெயரின் ஆங்கில மொழிபெயர்ப்பே உலகப் படைகளின் கையேடுகளில் இலக்கணச் சுத்தமான கலைச்சொல்லாக உட்கார்ந்திருக்கிறது.

கேள்வி: துப்பாக்கியில் குண்டு அடைக்கும் பகுதியையும் மேகசின் என்கிறார்கள், உங்கள் இதழையும் மேகசின் என்கிறார்கள். இரண்டுக்கும் என்ன உறவு?
*– கல்லூரி மாணவர், நாகர்கோவில்*

பதில்: இரண்டுக்கும் தாய் ஒன்றே. அரபு மொழியில் ‘மக்ஸன்’ என்றால் கிடங்கு. அதன் பன்மை இத்தாலி, பிரான்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து முதலில் வெடிமருந்துக் கிடங்கையும் பின்னர் துப்பாக்கியின் தோட்டாக் கூட்டையும் குறித்தது. 1731-இல் லண்டனில் தொடங்கிய ஒரு மாத இதழ், தன்னைச் செய்திகளின் கிடங்கு என்று சொல்லிக்கொள்வதற்காக அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. தோட்டாக் கூட்டிலும் பெயர்ச் சண்டை உண்டு: பத்துக்கு மேல் குண்டு கொள்ளும் கூட்டை அமெரிக்கச் சட்டம் ‘பெருங்கொள்ளளவு’ என்றது, முப்பது குண்டுக் கூட்டுடனேயே விற்கும் தொழில்துறையினர் அதை ‘வழக்கமான கொள்ளளவு’ என்கிறார்கள். முப்பது எப்போதிலிருந்து வழக்கமாயிற்று என்று கேட்டால், விற்கத் தொடங்கிய நாளிலிருந்து என்பதுதான் விடை.

கேள்வி: சினிமாவில் வில்லன் சைலன்சர் மாட்டிச் சுட்டால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்பதில்லை. உண்மையா? அதைச் ‘சப்ரஸர்’ என்று சொல்ல வேண்டும் என்று ஒருவர் என்னைத் திருத்தினார்.
*– இருசக்கர வாகனப் பழுதுபார்ப்பவர், தக்கலை*

பதில்: உங்கள் தொழிலைச் சேர்ந்தவர் கேட்பது பொருத்தம்தான், ஏனென்றால் நீங்கள் தினமும் கழற்றி மாட்டும் சைலன்சரும் துப்பாக்கிச் சைலன்சரும் ஒரே வேலையைச் செய்கின்றன. அழுத்தத்தோடு வெளியேறும் வாயுவை அறைகளுக்குள் சுழலவிட்டு, வேகம் தணித்து வெளியே அனுப்புவதே அந்த வேலை. 1909-இல் இதற்குக் காப்புரிமை பெற்ற ஹைரம் பெர்சி மாக்சிம், எந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மாக்சிமின் மகன். தகப்பன் பெருக்கிய ஓசையை மகன் குறைத்தான். அவர் தம் பொருளுக்கு வைத்த விற்பனைப் பெயரே ‘மாக்சிம் சைலன்சர்’. ஆகவே ‘சைலன்சர்’ என்பது அறியாதவர்களின் பிழை என்று உங்களைத் திருத்தியவர் தாமே திருந்த வேண்டியவர்; கண்டுபிடித்தவரும் அப்படித்தான் சொன்னார், 1934-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமும் அப்படித்தான் எழுதியது.

ஆனால் அந்தப் பெயரே முதல் மிகை. ரைபிள் ஒன்றின் ஓசை ஏறத்தாழ 160 டெசிபல்; நல்ல சைலன்சர் அதில் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். மிஞ்சுவதும் காதைப் பொத்த வைக்கும் ஓசையே. ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டு காற்றைக் கிழிக்கும் சடார் ஓசையைக் குழலில் மாட்டிய எதனாலும் குறைக்க முடியாது. விற்கும்போது ‘நிசப்தமாக்கி’ என்றவர்கள், அந்தச் சொல்லே கொலைகாரனின் கருவி என்ற பயத்தைக் கிளப்பிச் சட்டம் வந்த பிறகு, ‘ஒடுக்கி’ என்றார்கள். பிரிட்டனில் இன்னும் மென்மையாக ‘ஒலி மட்டுப்படுத்தி’ என்பார்கள். கட்டுப்பாட்டைத் தளர்த்துவதற்காக 2017-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் வந்த மசோதாவின் பெயர் ‘செவிப் பாதுகாப்புச் சட்டம்’. பெயரைக் கேட்டால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரின் பரிந்துரைபோல இருக்கிறது. அதில் பொய் இல்லை, சுடுபவரின் செவி பாதுகாக்கப்படுவது உண்மைதான். ஆனால் வாக்கியத்தில் யாருடைய செவி என்பது மட்டும் விடுபட்டிருக்கிறது.

நம் ஊர் இளைஞர்கள் புல்லட் வண்டியில் ஓசை கூடுவதற்காகவே ஒரு ‘சைலன்சர்’ வாங்கி மாட்டுகிறார்களே, அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

கேள்வி: பெண்களின் பாதுகாப்புக்கென்றே அரசு ஒரு துப்பாக்கி செய்ததாகவும் அதற்கு ‘பயமற்றவள்’ என்று பெயர் வைத்ததாகவும் படித்தேன். பெயர் நன்றாகத்தானே இருக்கிறது?
*– அங்கன்வாடிப் பணியாளர், குலசேகரம்*

பதில்: பெயர் நன்றாக இருப்பதுதான் சிக்கல். 2012 டிசம்பரில் டெல்லியில் பேருந்தில் சிதைக்கப்பட்டு இறந்த பெண்ணை ஊடகங்கள் ‘நிர்பயா’ என்றழைத்தன. அதே பொருள் கொண்ட ‘நிர்பீக்’ என்ற பெயரில் 2014 ஜனவரியில் கான்பூரிலுள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை ஒரு .32 ரிவால்வரை வெளியிட்டது. எடை ஏறத்தாழ 500 கிராம்; விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். நகைப்பெட்டி போன்ற செந்நிறப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். இரவுப் பேருந்துக்காக நிற்கும் ஒரு பெண்ணால் வாங்கக்கூடிய விலையன்று அது. பிறகு ‘நிடர்’ வந்தது. அதற்கும் அஞ்சாமை என்பதே பொருள். 2023-இல் வந்த ரிவால்வருக்கு ‘பிரபல்’ என்று பெயர். இந்தியில் வலிமை, தமிழ்க் காதுக்கு ஏதோ சினிமா நட்சத்திரம்.

இதே அரசுத் தொழிற்சாலைகளின் குடும்பம் படைகளுக்காகச் செய்யும் ரைபிள் ஒன்றின் பெயர் ‘காதக்’. தமிழில் காதகன் என்றால் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பொதுமக்களுக்கு விற்கும்போது வாங்குபவரின் மனநிலையைப் பெயராக வைக்கிறார்கள். படைக்குக் கொடுக்கும்போது துப்பாக்கியின் வேலையைப் பெயராக வைக்கிறார்கள். இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை. இதில் நம் நாட்டைத் தனித்துக் குறை சொல்வதற்கில்லை. 1873-இல் வந்த கோல்ட் ரிவால்வருக்கு ‘சமாதானம் செய்பவன்’ என்று பெயர். பத்து அணுகுண்டு முனைகளைச் சுமந்த அமெரிக்க ஏவுகணைக்கு 1982-இல் ‘சமாதானக் காவலன்’ என்று பெயரிட்டார்கள். ஒன்பது மில்லிமீட்டர் தோட்டாவின் ‘பாரபெல்லம்’ என்ற பெயர், அமைதி வேண்டுமானால் போருக்கு ஆயத்தமாகு என்ற இலத்தீன் பழமொழியின் பின்பாதி. முன்பாதியில் இருந்த அமைதியை வெட்டிவிட்டுப் பின்பாதியை மட்டும் முத்திரையாக்கியதில் ஒரு வெளிப்படைத்தன்மை இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

நம் உரிமச் சட்டத்தின் சொற்கள் இவற்றுக்கு நேர்மாறாக வறண்டவை. .32 ரிவால்வர் பொதுமக்களுக்கு அனுமதிக்கப்பட்ட வகை, ஒன்பது மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி தடைசெய்யப்பட்ட வகை. பேச்சில் இவற்றைத் ‘தடைசெய்யப்படாத போர்’, ‘தடைசெய்யப்பட்ட போர்’ என்பார்கள். இங்கே ‘போர்’ என்பது குழல் துளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். தமிழ் எழுத்தில் படிக்கும்போது மட்டும், அரசு ஏதோ ஒரு போரை அனுமதித்துவிட்டதுபோல இருக்கிறது.

கேள்வி: துப்பாக்கி தமிழ்ச் சொல்லா? குறளிலேயே வருகிறதே?
*– பள்ளி மாணவி, கன்னியாகுமரி*

பதில்: மழையைப் பற்றிய குறளில் வரும் ‘துப்பாக்கி’க்கு உணவை உண்டாக்கி என்று பொருள், பட்டிமன்றங்கள் அந்த வேடிக்கையை விட்டுவிட்டால் நல்லது. ஆயுதத்தைக் குறிக்கும் சொல் துருக்கியர் வழி வந்தது. இலங்கையில் துவக்கு, மலையாளத்தில் தோக்கு, நமக்குத் துப்பாக்கி. பீரங்கி என்பதோ ஐரோப்பியரைக் குறித்த பரங்கி என்ற சொல்லோடு உறவுடையது. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில், 1741 குளச்சல் போருக்குப் பின் சிறைப்பட்ட, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாயின் மேற்பார்வையில் பீரங்கிகள் வார்க்கப்பட்டன என்பதை எண்ணினால், நம் மாவட்டத்துக்கு அந்தச் சொல் மிகவும் பொருந்தும். எனக்கு வியப்பூட்டுவது வேறொன்று: உயிரை எடுக்கும் வெடித்தூளுக்கு நாம் ‘மருந்து’ என்று பெயர் வைத்திருக்கிறோம். சீனர்களும் அதைத் ‘தீ மருந்து’ என்றே சொல்கிறார்கள். மருந்து தேடிய இரசவாதிகளின் கையில் பிறந்ததால் அங்கே அந்தப் பெயருக்குக் காரணம் உண்டு.

கேள்வி: 1954-இல் எங்கள் ஊரில் நடந்ததைப் பற்றி ஒரு மலரில் எழுதும்போது ‘அன்று நிகழ்ந்த அசம்பாவிதத்தில் சிலர் உயிர்நீத்தனர்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. இப்படி எழுதலாமா?
*– வாசகர், புதுக்கடை*

பதில்: எழுதக்கூடாது. 1954 ஆகஸ்ட் 11 அன்று, தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று போராடியவர்களை மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திருவிதாங்கூர்-கொச்சி அரசின் போலீசார் சுட்டார்கள், மக்கள் இறந்தார்கள். ‘அசம்பாவிதம்’ என்றால் சொல்லின்படி நிகழக்கூடும் என்று எண்ண முடியாதது. ஆணை பிறப்பித்து, துப்பாக்கி தூக்கி, குறிபார்த்துச் செய்த ஒன்று எப்படி எண்ண முடியாததாகும்?

மேலே பார்த்த அமெரிக்கப் பெயர்களையெல்லாம்விட நம் செய்தித் தமிழின் வாக்கிய அமைப்பு திறமையாக மறைக்கும் என்பதை உங்கள் கடிதம் எனக்கு நினைவூட்டியது. ‘சுட்டார்’ என்ற வினைக்கு எழுவாய் வேண்டும். யார் சுட்டார் என்று அது கேட்டுக்கொண்டே நிற்கும். அதைப் பெயராக்கித் ‘துப்பாக்கிச் சூடு’ என்று மாற்றிவிட்டால் அந்தக் கேள்வி அடங்கிவிடும். மழை பெய்தது, திருவிழா நடந்தது என்பதைப் போலத் துப்பாக்கிச் சூடும் ‘நடந்தது’. அடுத்து, ‘குண்டு பாய்ந்து இறந்தார்’ என்று எழுதினால் எழுவாய் இறந்தவர் ஆகிவிடுகிறார். குண்டு எங்கிருந்தோ தானாகப் பாய்ந்திருக்கிறது. ‘மூவர் பலி’ என்ற தலைப்புச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: பலி என்பது தெய்வத்துக்குக் கொடுக்கும் படையல். யார், யாருக்கு, எதற்காகக் கொடுத்த படையல் என்று தலைப்பு எழுதுபவர் நினைத்துப் பார்ப்பதில்லை. தடியடி எப்போதும் ‘லேசான’ தடியடி. எலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடப்பவரைக் கேட்டு எழுதிய அடைமொழியன்று அது.

ஆயுதத்தின் பெயரும் இந்த மறைப்புக்குத் துணை வரும். காஷ்மீரில் 2010 முதல் கூட்டத்தைக் கலைக்கப் பயன்படுத்திய பெல்லட் துப்பாக்கியை அதிகாரிகள் ‘உயிர் பறிக்காத’ ஆயுதம் என்றார்கள். அது 12-போர் துப்பாக்கி. ஒரு தோட்டாவிலிருந்து நூற்றுக்கணக்கான ஈயச் சிறுகுண்டுகள் சிதறும். சிதறுவதை எவராலும் குறிபார்க்க முடியாது. 2016-இல் ஏராளமானோரின் கண்களில் அவை பாய்ந்து, இறப்புகளும் நிகழ்ந்த பின்னர், ‘உயிர் பறிப்பதில் குறைந்த’ என்ற தொடர் முன்னுக்கு வந்தது. ‘இல்லாத’ என்பதிலிருந்து ‘குறைந்த’ என்பதற்கு வந்த அந்த ஒரு சொல்லின் நகர்வுக்குள் எத்தனை கண்கள் இருக்கின்றன!

மலர்க் குழுவினரிடம் நீங்கள் கேட்க வேண்டியது பெரிய திருத்தமன்று. ‘போலீசார் சுட்டதில் இறந்தனர்’ என்று மாற்றச் சொல்லுங்கள். எழுத்தெண்ணிக்கையும் குறையும்.

கேள்வி: மலையோரத்தில் மரச்சீனியும் வாழையும் போட்டிருக்கிறேன்; பன்றி உழுதுவிட்டுப் போகிறது. துப்பாக்கிக்கு உரிமம் கேட்கலாம் என்றால், ‘அதெல்லாம் எதற்கு, ஏர்கன் வாங்கிக்கொள்ளுங்கள், அது விளையாட்டுச் சாமான், உரிமம் வேண்டாம்’ என்கிறார் ஒரு கடைக்காரர். சரிதானா?
*– விவசாயி, பேச்சிப்பாறை*

பதில்: என் பாட்டாவிடம் வாய்வழியே மருந்து இடிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. அதை அவர் ஒருநாளும் துப்பாக்கி என்று சொன்னதில்லை. ‘அந்தக் குழலை எடு மக்களே’ என்பார். பாட்டி அந்தச் சொல்லையும் சொல்ல மாட்டாள். விளக்கு வைத்த பிறகு பாம்பின் பெயரைச் சொல்லாததைப் போல, அது அவளுக்கு வெறும் ‘அது’. தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பதால், தேங்காய் எண்ணெய் தடவி, பழைய வேட்டியில் சுற்றி, பேருந்தின் பின்னிருக்கையில் என் மடிக்கும் அவர் மடிக்குமாகக் கிடத்திக் கொண்டுபோவோம். நடத்துநர் என்னவென்று கேட்டால், ‘பயிர் பாதுகாப்பு’ என்பார் பாட்டா. நான் நெடுநாள் அது பாட்டாவின் குறும்பு என்றே எண்ணியிருந்தேன். பின்னாளில்தான் தெரிந்தது, அது சட்டத்தின் சொல். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 13-ஆம் பிரிவில், ‘நேர்மையான பயிர் பாதுகாப்புக்காக’ வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்கலாம் என்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால், குழலின் உட்புறத்தில் வரிப்பள்ளம் இல்லாத வேறு துப்பாக்கிக்கும் வழங்கலாம். ‘நேர்மையான’ என்ற அடைமொழி அங்கே தூங்குவதற்காக வைத்ததன்று. அந்த உரிமம் இருந்தாலும் பன்றியைச் சுட்டுவிட முடியாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதற்கு வனத்துறையின் தனி அனுமதி வேண்டும். வெற்று ஓசை எழுப்பி விரட்டுவதே நடைமுறையில் பயிர் பாதுகாப்பு. பாட்டாவும் பெரும்பாலும் வானத்தில்தான் வெடி வைத்தார். வாழைத் தோட்டத்தைவிட எங்கள் தூக்கமே அதிகம் கலைந்தது.

அதைவிட்டு, பழத்துக்குள் வெடிமருந்தைப் பொதிந்து வைக்கும் ‘அவுட்டுக்காய்’ பக்கம் போய்விடாதீர்கள். காய் என்று முடிவதால் ஏதோ தோட்டத்துப் பொருள் என்று நினைக்க வைக்கும் அந்தப் பெயரைப் போல் கொடுமையான மறைப்பு தமிழில் வேறில்லை. பன்றிக்கு வைத்ததை யானையும் மாடும் கடிக்கும். வைத்தவர் சிறைக்குப் போவார்.

ஏர்கன் விஷயத்தில் கடைக்காரர் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, காற்றுத் துப்பாக்கியின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்பட்டாலோ, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்டாலோ உரிமம் தேவை. அதற்குள் இருந்தால் தேவையில்லை. உரிமம் தேவையில்லாததால் அது விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. கண்ணில் பட்டால் பார்வை போகும், பறவையைச் சுட்டால் வனச் சட்டத்தில் வழக்கு வரும். முழு வளர்ச்சியடைந்த பன்றியை அது கொல்லாது. காயப்பட்ட பன்றி உங்களை நோக்கித் திரும்பும். எதற்கும் வாங்குவதாக இருந்தால், பெட்டியின் மேல் அச்சடித்த பெயரையும் புலிப் படத்தையும் பார்க்காமல், பெட்டியைப் புரட்டி, ஜூல் கணக்கையும் மில்லிமீட்டர் கணக்கையும் தேடுங்கள். அந்த இரண்டு எண்களும் இல்லாவிட்டால், கடைக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும் வாங்காமல் திரும்பி வாருங்கள்.